சின்னஞ்சிறு சாட்சிகள்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய சங்கதிகளிடம் ஒரு மோகம் உண்டு. ராஜ்யம் கவிழ்ந்தது, கோட்டை இடிந்தது, வெள்ளம் வந்து ஊரைக் கொண்டுபோயிற்று என்றால் உடனே ஏட்டில் ஏறிவிடும். இடிந்த கோட்டையின் சுவரிடுக்கில் அடுத்த மழைக்கு ஒரு செடி முளைத்தால் அது எந்த ஏட்டிலும் ஏறாது. செடி முளைப்பதும் ஒரு சம்பவமா என்று கேட்பார்கள். அழிவுக்குத் தேதி உண்டு, மணி உண்டு. பிழைப்புக்கு இரண்டும் இல்லை. அதனால்தானோ என்னவோ, உலக சரித்திரத்தைப் புரட்டினால் மனிதர்கள் சாவதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை போலத் தோன்றுகிறது.

இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்த ஒரு கதை இருக்கிறது. ஒரு பெருங்காடு சில நிமிஷங்களில் அழிந்தது. அது அங்குலம் அங்குலமாகப் பிழைத்து வந்ததைச் சிலர் விடாமல் குறித்து வைத்தார்கள். பேனாவால் மட்டும் அல்ல, காமிராவாலும் குறித்தார்கள். மலையையும் வானத்தையும் பிடிக்கிற காமிரா அல்ல அது. கட்டைவிரல் நீளத் தளிரைப் பிடிப்பதற்காகத் தரையோடு தரையாகத் தாழ்ந்த காமிரா. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்றொரு மாநிலம் இருக்கிறது. தலைநகரமான வாஷிங்டன் வேறு. அது நாட்டின் மறு கோடியில் உள்ளது. இந்த மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்று ஒரு மலை. அங்குள்ள ஆதிகுடிகள் அதற்குப் புகைகிற மலை என்னும் பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரக் கப்பல் தலைவர் வான்கூவர் 1792-ல் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பிரிட்டிஷ் ராஜதந்திரி ஒருவரின் பட்டப் பெயரைச் சூட்டிவிட்டார். மலையின் குணத்தைச் சொன்ன பெயர் போய், மலையைப் பார்த்தே இராத பிரபுவின் பெயர் நின்றது. 9,677 அடி உயரம், கூம்பு வடிவம், தலையில் பனி. ஜப்பானின் பூஜி மலைக்கு இதை ஒப்பிடுவார்கள். அடிவாரத்தில் கண்ணாடி போன்ற ஓர் ஏரி. சுற்றிலும் ஊசியிலை மரங்கள் வானளாவி நிற்கும் காடு.

1980 மார்ச் மாதம் மலை உறுமத் தொடங்கியது. முதலில் சிறு பூகம்பங்கள். பிறகு நீராவியும் சாம்பலும். வடபுறச் சரிவு கட்டிபோல வீங்க ஆரம்பித்து, நாளொன்றுக்கு ஐந்து அடி வீதம் புடைத்துக்கொண்டே வந்தது. மே மாதம் 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி 32 நிமிஷத்துக்கு ஒரு பூகம்பம். வீங்கிய சரிவு அப்படியே பெயர்ந்து விழுந்தது. மனிதர்கள் பதிவு செய்த மலைச்சரிவுகளில் அதைவிடப் பெரியது இல்லை. உள்ளே அடைபட்டிருந்த வாயுவும் நெருப்பும் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் பீறிட்டு, மணிக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் காட்டின்மீது பாய்ந்தன. 230 சதுர மைல் காடு படுத்துவிட்டது. மலையின் உச்சி 1,300 அடி குறைந்தது. 57 பேர் மாண்டார்கள்.

மாண்டவர்களில் காமிரா வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ராபர்ட் லாண்ட்ஸ்பர்க் என்பவருக்கு வயது 48; மலைக்குச் சில மைல் தொலைவில் நின்றிருந்தார். சாம்பல் மேகம் தம்மை நோக்கி வருவதையும், ஓடிப் பயனில்லை என்பதையும் கண்டுகொண்டார். எடுக்க முடிந்த வரையில் படங்களை எடுத்தார். பிறகு பிலிமைச் சுற்றி முடித்து, காமிராவைப் பைக்குள் வைத்து, பையின்மேல் தாமே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பதினேழு நாள் கழித்துச் சாம்பலுக்குள் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். உடலின் அடியில் பிலிம் இருந்தது. அந்தப் படங்கள் 1981 ஜனவரியில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' பத்திரிகையில் வெளியாயின. கதாசிரியன் இப்படி ஒரு முடிவை எழுதினால் மிகையென்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரீட் பிளாக்பர்ன் 27 வயது இளைஞர். உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோக்காரர். அவரும் அங்கேயே இறந்தார். அவர் காமிராவில் இருந்த பிலிம் சூட்டில் வீணாகிவிட்டது. ஆனால் 2013-ல், அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் பழைய பெட்டி ஒன்றில் கழுவாத பிலிம் சுருள் ஒன்று அகப்பட்டது. 1980 ஏப்ரலில் பிளாக்பர்ன் எடுத்தது. கழுவிப் பார்த்தால், வெடிப்பதற்கு முந்தைய மலை அதில் இருந்தது. எடுத்தவர் போய் முப்பத்துமூன்று வருஷம் கழித்து, இல்லாமற்போன சிகரத்தின் படம் வெளிச்சத்துக்கு வந்தது.

வடகிழக்கே சுமார் பதினொரு மைல் தூரத்தில் ஒரு புல்வெளியில் முகாம் போட்டிருந்த காரி ரோசன்க்விஸ்ட் என்னும் அமெச்சூர்க்காரர், சரிவு பெயர்ந்ததிலிருந்து வரிசையாகப் பல படங்களை எடுத்துவிட்டு உயிர் தப்பினார். மலை எப்படிச் சரிந்தது என்பதை விஞ்ஞானிகள் கணம் கணமாகத் தெரிந்துகொண்டது அந்தப் படங்களால்தான்.

இவையெல்லாம் அழிவின் சாட்சிகள், பெரிய படங்கள். இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் பெரிய படங்களுக்கு ஒரு தன்மை உண்டு. அவை தீர்ப்பும் சொல்லிவிடுகின்றன. வெடிப்புக்கு நாலு நாள் கழித்து ஜனாதிபதி கார்ட்டர் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்தார். இதன் எதிரே சந்திரமண்டலமே புல்வெளி மைதானம்போல இருக்கும் என்ற கருத்தில் ஏதோ சொன்னார். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்கும் ஒரே சாம்பல் நிறம். தீக்குச்சிகளைக் கொட்டியதுபோல மரங்கள். ஓர் உயிர் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னதில் அவர்கள்மேல் குற்றம் இல்லை. கண் இருந்த உயரந்தான் அவர்களை ஏமாற்றியது.

சில வாரங்களுக்குள் ஜெர்ரி பிராங்க்ளின் என்னும் காட்டியல் விஞ்ஞானி ஹெலிகாப்டரிலிருந்து அந்தச் சாம்பலில் இறங்கினார். ஒன்றும் இராது என்று எண்ணித்தான் இறங்கினார். பூட்ஸ் காலைச் சுற்றிப் பார்த்தால் சாம்பலைத் துளைத்துக்கொண்டு பச்சைத் தளிர்கள் நின்றன. எறும்புகள் ஊர்ந்தன. வண்டு போனது. தரைக்கு அடியிலிருந்து ஏதோ பிராணி மண்ணைத் தள்ளியிருந்தது. ஆயிரம் அடி உயரத்திலிருந்து மயானமாகத் தெரிந்த இடம், ஐந்தடி உயரத்திலிருந்து பார்த்தால் வேறாக இருந்தது. முழங்காலிட்டுப் பார்த்தால் இன்னும் வேறாக இருந்தது.

இந்த ஜீவன்கள் எப்படித் தப்பின? காலமும் நேரமும்தான் காரணம். மே மாதமானாலும் அங்கே உயரமான இடங்களில் பனி இன்னும் உருகவில்லை. பனிக்கடியில் வளைந்து படுத்திருந்த இளங்கன்றுகளும் புதர்களும், மேலே தீக்காற்று வீசியதே தெரியாமல் பிழைத்தன. ஏரிகளை மூடியிருந்த பனிக்கட்டி தவளைகளைக் காப்பாற்றியது. காலை எட்டரை மணி ஆனதால் இராத்திரியில் இரை தேடும் சிறு பிராணிகள் வளைக்குள் போய்விட்டன. பெரிய மான்கள், கரடிகள், இருநூறு அடி மரங்கள் எல்லாம் போயின. ஒளிந்துகொள்ளத் தெரிந்த சிறியவை நின்றன.

ஆகவே, இந்தக் காட்டின் அடுத்த அத்தியாயத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் சிறியவற்றைத்தான் பிடிக்க வேண்டும். சிறியதைப் பிடிப்பது சுலபம் என்று நினைக்கக்கூடாது. தளிரை அதன் உண்மை அளவிலேயே பிலிமில் பதிய வைப்பதென்றால், லென்ஸைக் காமிராவிலிருந்து விலக்கி முன்னே தள்ள வேண்டும். அதற்கு இடையில் குழல் வைப்பார்கள், அல்லது ஆர்மோனியத் துருத்திபோல் ஒன்றை மாட்டுவார்கள். தள்ளிய மாத்திரத்தில் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். தெளிவாக விழுகிற ஆழம், துவாரத்தை எவ்வளவு குறுக்கினாலும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். தளிரின் நுனி தெளிவாக இருந்தால் அடி மங்கும். இரண்டு மில்லிமீட்டருக்காக ஒருவர் வயிற்றின்மேல் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்று நிற்கும் வரையில் காத்திருக்க வேண்டும். அந்த இடத்திலோ சாம்பல் சும்மா சாம்பல் அல்ல. அது பொடியான பாறையும் கண்ணாடியும். லென்ஸைத் துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். பூச்சிகளின் மேல்தோலையே அந்தத் தூள் அராவிக் கொன்றது என்றால் காமிராவின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வித்தைக்கு ஒரு பரம்பரை உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் பென்ட்லி என்று ஒரு விவசாயி, 1885-ல் பூதக்கண்ணாடியையும் காமிராவையும் சேர்த்துவைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931-ல் இறக்கும் வரையில் ஐயாயிரத்துக்கு மேல் பிடித்தார். ஜெர்மனியில் பிளாஸ்பெல்ட் என்னும் சித்திர வாத்தியார், தாமே செய்த காமிராவால் செடிகளின் சுருளையும் மொட்டையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்து, மாணவர்களுக்கு அலங்கார வேலை கற்றுக்கொடுத்தார். 1928-ல் அவை புத்தகமாக வந்தபோது, இரும்புக் கதவின் பூவேலை போலவும் கோயில் தூணைப் போலவும் தெரிந்தவை சாதாரணக் களைகள் என்று அறிந்து ஜனங்கள் வியந்தார்கள். இவர்கள் இருவரும் அழகைத் தேடினார்கள். செயின்ட் ஹெலன்ஸில் முழங்காலிட்டவர்களுக்கு அழகைவிட முக்கியமான ஒரு கேள்வி இருந்தது. இது உயிரோடு இருக்கிறதா? அடுத்த வருஷமும் இருக்குமா?

மலைக்கு வடக்கே நுரைக்கல் சமவெளி என்று ஒரு பகுதி. அங்கே பழைய மண்ணே மேலே இல்லை. பல அடி கனத்துக்கு எரிமலை கக்கிய நுரைக்கல்தான். வித்து, வேர், புழு எதுவும் தப்பவில்லை. இரண்டொரு வருஷத்துக்குள் அந்தச் சமவெளியில் ஒரு செடி தென்பட்டது. லூபின் என்று பெயர். சில அங்குல உயரம். விரித்த கைபோல் இலை. இலைமேல் வெள்ளிப் பூனைமயிர். நீலமும் ஊதாவும் கலந்த பூ. அது அவரை, கொள்ளு வகையறாவைச் சேர்ந்தது. நம் குடியானவர்களுக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. நடவுக்கு முன்னால் கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவார்களே, எதற்காக? அந்தச் செடிகளின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் என்பதற்காகத்தான். லூபினும் அதையே செய்தது. மண் இல்லாத இடத்தில் காற்றைத் தின்று வளர்ந்தது. காற்றில் வந்த தூசியையும் விதையையும் பூச்சிச் சவங்களையும் தன் இலைகளுக்குள் தடுத்து வைத்தது. செத்தபோது தன்னையே எருவாக விட்டுப்போனது. பரவும் வேகம் கூடியபோது, சிறு அந்துப்பூச்சிகளின் புழுக்கள் வந்து அதைத் தின்று மட்டுப்படுத்தின. வில்லன் இல்லாமல் கதை நகருமா?

கன்னத்தில் பை வைத்த எலி ஒன்று அங்கே உண்டு. கோபர் என்பார்கள். தோட்டக்காரர்களுக்குப் பரம விரோதி. வெடிப்பன்று வளைக்குள் இருந்து தப்பிய கோபர்கள், வழக்கம்போல் மண்ணைத் தோண்டி மேலே தள்ளின. சாம்பல் வெளியில் அங்கங்கே கறுப்புத் திட்டாகப் பழைய மண் வந்தது. அதோடு பழைய விதையும் காளான் வித்தும் வந்தன. அந்தக் கைப்பிடி மண்ணில் முளைத்த தளிரைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். எட்ட நின்றால் அது ஒரு கறுப்புப் புள்ளி. 1983-ல் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஏறக்குறைய ஒரு டஜன் செடிகளே பிழைத்திருந்த நுரைக்கல் நிலத்தில், வேலியிட்ட துண்டுகளுக்குள் கோபர்களை ஒரே ஒரு நாள் விட்டுவைத்து எடுத்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் கழித்து அந்தத் துண்டுகளில் 40,000-க்கு மேற்பட்ட செடிகள் இருந்தன. சுற்றுப்புறம் பெரும்பாலும் மொட்டையாகவே கிடந்தது. நாற்பது வருஷம் ஆன பின்பும் அந்த ஒரு நாள் வேலையின் பலன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் தெரிகிறது என்று 2024-ல் அறிவித்தார்கள்.

இன்னொரு கூட்டம் ஆகாய மார்க்கமாக வந்தது. சிலந்திக் குஞ்சுகள் ஒற்றை நூலை நீட்டிக் காற்றில் மிதந்து வந்து இறங்கின. பூச்சிகள் மழைபோல் விழுந்தன. பெரும்பாலானவை செத்தன. செத்ததே உபகாரம், தரிசுக்கு முதல் எரு அதுதான். இதைப் படிக்கும்போது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வரும். 1883-ல் கிரக்கடோவா தீவு வெடித்துச் சிதறியது. மறு வருஷம் மே மாதம் அங்கே போன கூட்டத்தில் எட்மண்ட் கோட்டோ என்பவர் தீவு முழுதும் தேடினார். ஒரே ஒரு சிலந்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, வலை பின்னிக்கொண்டிருந்தது. பிடிப்பதற்கு ஈயோ கொசுவோ இல்லாத தீவில் அது தன் கடையை விரித்துக் காத்திருந்தது! கோட்டோ அதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. நூறு வருஷத்துக்குப் பின் செயின்ட் ஹெலன்ஸில் அப்படிப்பட்ட சிலந்திகளை எண்ணவும் படம் பிடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருந்தது. அழிந்த நிலத்தை என்ன செய்வது என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. செத்த நிலம் என்றால் விழுந்த மரங்களை அள்ளிக்கொண்டு, புல்லும் மரமும் நட்டு, புதிதாக உண்டாக்க வேண்டியதுதான். உயிருள்ள நிலம் என்றால் அதன் போக்கில் விட்டுவிடலாம். விட்டுவிடுங்கள் என்று விஞ்ஞானிகள் வாதாடினார்கள். எதைக் காட்டி வாதாடினார்கள்? காட்டுவதற்கு அவர்களிடம் மலை இல்லை. விரல் நீளத் தளிரும் வளைமண்ணும் எறும்பும்தான் இருந்தன. 1982 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 1,10,000 ஏக்கர் நிலம் தேசிய எரிமலைச் சின்னமாக ஒதுக்கப்பட்டது. இயற்கை தன் வேலையைப் பெரும்பாலும் தடையின்றிச் செய்யட்டும் என்பது ஏற்பாடு.

சின்னத்துக்கு வெளியே வேயர்ஹாசர் என்னும் மரக் கம்பெனி தன் நிலத்தில் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேற்பட்ட கன்றுகளை ஆட்களை விட்டு நட்டது. சாம்பலைத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணில் வேர் படும்படி ஒவ்வொன்றையும் வைத்தார்கள். அதுவும் லேசான உழைப்பல்ல. அந்த மரங்கள் ஒரே வயதில், ஒரே உயரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அணிவகுத்ததுபோல் சீக்கிரமாக வளர்ந்துவிட்டன. உள்ளே விட்டுவைத்த நிலமோ இன்னும் அரைகுறைதான். இங்கே பூ, அங்கே புதர், நடுவில் மொட்டைக் கல். அவசரக்காரனுக்கு வெளியிலுள்ளதுதான் காடு. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்பது நட்டவர்களின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. உள்ளே என்ன வரும் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு காடு தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்வதை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

பெரிய படம் பிடித்தவர்களில் சிலரும் இதை உணர்ந்தார்கள். பிராங்க் கோல்கே என்பவர் 1981 முதல் 1990 வரை திரும்பத் திரும்ப அங்கே போய், அழிந்த காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 2005-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் அவை வைக்கப்பட்டன. ஒரே படத்தைத் தனியே பார்த்தால் பாழ். வருஷ வாரியாகப் பார்த்தால் பாழ் நகர்வது தெரியும். ஆரகன் மாநிலத்துக்காரரான காரி பிராஷ் வெடிப்பையும் படம் எடுத்தார். பிறகு பல வருஷம் அது பிழைத்து எழுந்ததையும் எடுத்தார். அழிவும் மீட்சியும் இருக்கும் இடங்களையே அவர் நாடிப் போனார். 2016-ல், ஆஸ்திரேலியப் பவளத் திட்டில் வெளுத்துப்போகும் பவளங்களைப் படம் பிடிக்க இறங்கியபோது அவர் உயிர் பிரிந்தது.

பிராங்க்ளின் சாம்பலில் கண்ட தளிர்களில் ஒன்று பயர்வீட் என்னும் பூண்டு. தீப்பட்ட இடத்தில் முதலில் வருவதால் அந்தப் பெயர். இதே பூண்டு 1940, 41-ல் ஜெர்மன் குண்டு விழுந்த லண்டன் மனைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்தது. ஊர்க்காரர்கள் அதற்குக் குண்டுப் பூண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த யுத்தத்தின் சரித்திரம் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அதில் இந்தப் பூண்டுக்கு எத்தனை வரி கிடைத்திருக்கும்? ஆனாலும் வீடிழந்து அந்தத் தெருவழியே வேலைக்குப் போன ஒரு பெண்பிள்ளை அதை ஒரு கணம் நின்று பார்த்திருந்தால், அன்றைக்கு அவளுக்குத் தலைப்புச் செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நம் வீட்டுக் கிழவிகள் மணமக்களை வாழ்த்தும்போது ஆல்போல் தழைக்கச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. அருகுபோல் வேரோடவும் சொல்கிறார்கள். பெரியதை வேண்டியபின் சிறியதை எதற்காக வேண்டுகிறார்கள் என்று நாம் யோசித்ததில்லை. புயலில் ஆலமரம் சாய்ந்துவிடும் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சாய்ந்த மரத்தடியில் மறு வாரம் என்ன இருந்தது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். படுத்துக் கிடந்து படம் பிடித்த அமெரிக்கர்களுக்கும் இதற்கு மேல் ஒன்றும் தெரிந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் சாட்சியத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். அந்தப் படங்கள் சிலவற்றில், செடியின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு காசோ பென்சிலோ வைத்திருப்பார்கள். காசைவிடச் செடி சிறியதாக இருக்கும். காடு அங்கிருந்துதான் தொடங்கியது.